இன்னும் வராத காருக்கு நான் போட்டு வைத்திருக்கும் கணக்கு

எட்டு மாதமாக ஒரு காருக்காகக் காத்திருக்கிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தக் கம்பெனி ஆட்கள் ஒரு பக்கம், எதிர்க் கம்பெனி ஆட்கள் ஒரு பக்கம் என்று கட்சி கட்டிவிடுவீர்கள். அடையாளம் மட்டும் சொல்கிறேன். நான்கு மீட்டருக்குள் நீளம், மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஐந்து பேர் உட்காரலாம் என்று சொல்லிக்கொள்கிற நான்கு பேர் ஹேட்ச்பேக். பெட்ரோல் குடிப்பதில் சிக்கனம் என்று பெயர் வாங்கிவிட்டது. வெளிநாட்டில் விற்பனைக்கு வந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நம் பக்கம் மட்டும் 'விரைவில்'. அந்த 'விரைவில்' எட்டு மாதமாக அதே இடத்தில் நிற்கிறது.

இப்போது ஓட்டும் காருக்கு 11 வயது. முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்குள் ஒரு பாக்கெட் நோட்டு கிடக்கிறது, நூலில் கட்டிய பேனாவோடு. டேங்கை நிரப்பும்போதெல்லாம் தேதி, ஓடிய கிலோமீட்டர், போட்ட லிட்டர் மூன்றையும் எழுதிவிடுவேன். பங்க்கில் குழாய் முதல் தடவை 'டக்' என்று தானாக நின்றதும் போதும் என்று கை காட்டுவேன். "ரவுண்டா போட்டுடலாம் மேடம்" என்று கேட்பார்கள். அந்த ரவுண்டுக்காக இன்னும் அரை லிட்டரைத் திணித்தால் என் கணக்கு நாசம். ஒரே அளவில் நிறுத்தி, ஃபுல் டேங்கிலிருந்து அடுத்த ஃபுல் டேங்க் வரை கணக்குப் பார்த்தால்தான் உண்மையான மைலேஜ் கிடைக்கும். டேஷ்போர்டில் மின்னும் எண்ணை நான் நம்புவதில்லை. என் வண்டியில் அது எப்போதுமே ஒன்றிரண்டு கிலோமீட்டர் தாராளமாகத்தான் காட்டும்.

புதிதில் லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி இப்போது 14-ல் நிற்கிறது. அதன்மேல் குறையில்லை, வயசாகிவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு இந்தக் காத்திருப்பு பிடிக்கவில்லை. "உயரமா ஒரு எஸ்யூவி வாங்கிடலாமே" என்கிறார். உயரத்தில் உட்கார்ந்தால் ரோடு நன்றாகத் தெரியுமாம். தெரியும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்க அந்த வண்டியில் போகப்போவது நான் ஒருத்தி. என் ஒருத்திக்காக ஒன்றரை டன் இரும்பைத் தினமும் இழுத்துக்கொண்டு போவது யானையைக் கட்டித் தீனி போடுவது மாதிரிதான். நின்று நின்று போகிற நெரிசலில் எடைதான் முதல் எதிரி. ஒவ்வொரு தடவை நின்று கிளம்பும்போதும் மொத்த எடையையும் முதலிலிருந்து தள்ள வேண்டும், அடுத்த பிரேக்கில் அத்தனையும் சூடாகிப் போய்விடும். நெடுஞ்சாலைக்குப் போனால் எதிரி மாறிவிடும், அங்கே காற்று. 80-ல் போனவள் 100-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலேயே போய்விடும். உயரமான வண்டிக்கு இந்த இரண்டு இடத்திலும் அடி.

இதில் இன்னொரு வருத்தமும் இருக்கிறது. உலகம் முழுக்கவே சின்னக் கார்கள் குறைந்துகொண்டு வருகின்றன. 1976-லிருந்து வந்துகொண்டிருந்த ஃபோர்டு ஃபியஸ்டாவை 2023 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். ஃபோக்ஸ்வாகன் அப் என்ற குட்டிக் காரும் அதே ஆண்டில் முடிந்தது. காரணம் புரியாமல் இல்லை. புகையைச் சுத்தம் செய்யும் கருவிக்கும் ஏர்பேகுக்கும் கேமராவுக்கும் சின்னக் காரிலும் பெரிய காரிலும் கிட்டத்தட்ட ஒரே செலவு. சின்னக் காரில் அதைத் தாங்க லாபம் போதாது. அதனால்தான் ஒரு புது ஹேட்ச்பேக் வருகிறது என்றாலே எனக்கு அதிசயமாக இருக்கிறது.

சின்னக் கார் என்றால் ஏழைக்குச் செய்த ஏற்பாடு என்று நினைப்பவர்கள் மினி என்ற பழைய பிரிட்டிஷ் குட்டிக் காரின் கதையைப் பார்க்க வேண்டும். 1956-ல் சூயஸ் கால்வாய்ச் சண்டை வந்து பிரிட்டனில் பெட்ரோலை ரேஷனில் கொடுத்தார்கள். குறைவாகக் குடிக்கும் கார் வேண்டும் என்ற தேவை அப்போது வந்தது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தார், கியர்பாக்ஸை அதன் அடியிலேயே கொண்டுபோய் வைத்தார், சக்கரத்தை 10 அங்குலமாக்கினார். மூன்று மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளத்தில் நான்கு பேர் உட்கார இடம் கிடைத்தது. 1959-ல் விற்பனைக்கு வந்தது. மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்பதற்குக் கார் உலகில் அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இன்ஜினைக் குறுக்கே வைப்பது இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா ஹேட்ச்பேக்கிலும் இருக்கிறது.

சரி, என் காருக்கு வருகிறேன்.

வெளிநாட்டு வீடியோக்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு "அந்தக் கார் நமக்கு வருது" என்று குதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கார் வராது. அந்தப் பெயரில் ஒரு கார் வரும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எல்லோருக்கும் தெரிந்த சுசுகி ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் தலைமுறை ஸ்விஃப்ட் ஜப்பானில் மைல்ட் ஹைப்ரிட்டோடும் (இன்ஜினுக்கு ஒரு சின்ன மின்மோட்டார் கைகொடுக்கும்) சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடும் கிடைத்தது. 2024 மே மாதம் இந்தியாவில் அறிமுகமானபோது அதே புது மூன்று சிலிண்டர் இன்ஜின்தான், ஆனால் ஹைப்ரிட் இல்லை. சிவிடிக்குப் பதில் ஏஎம்டி என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக். பாதுகாப்பிலும் இதே கதை. ஐரோப்பாவின் மோதல் சோதனையில் அந்த ஸ்விஃப்டுக்கு 3 நட்சத்திரம், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் அப்போது விற்ற ஸ்விஃப்டுக்கு அங்கே கொடுத்தது 1. இரண்டு இடத்து வண்டிகளின் தயாரிப்பிலும் வித்தியாசம் இருந்ததைச் சோதித்தவர்களே சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது ஓட்டுகிற காரை 11 வருடத்துக்கு முன் வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டுத்தான் புக் செய்தேன். ஷோரூமில் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் வந்தது. "எல்லாம் அதே இன்ஜின்தான் சார், கவலையே படாதீங்க." ஓட்டப்போவது யார் என்று யாரும் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து வண்டி வந்தது. பானெட்டைத் திறந்தால் உள்ளே இருந்தது போன தலைமுறை இன்ஜின். பின்பக்கக் கண்ணாடியில் வைப்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு ரப்பர் மூடி. மழை நாளில் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் அந்த மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தப்பு ஷோரூமில் மட்டும் இல்லை, இங்கே வரப்போகும் காரின் விவரத் தாளைக் கையில் வாங்காமல் முன்பணம் கட்டியது நான்தான்.

ஆகவே இந்த முறை பெயருக்காகக் காத்திருக்கவில்லை. அந்தத் தாளுக்காகக் காத்திருக்கிறேன்.

அடுத்தது எல்லோரும் அடித்துக்கொள்ளும் மைலேஜ் எண். ஒரே காருக்கு நாட்டுக்கு நாடு எண் மாறுவதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். கார் மாறாமலே எண் மாறும், ஏனென்றால் சோதனை வேறு. ஐரோப்பாவில் முன்பு இருந்த என்இடிசி சோதனை 11 கிலோமீட்டர்தான், 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், நெடுநேரம் சும்மா நிற்கும், மெதுவாக வேகம் எடுக்கும். 2017-லிருந்து வந்த டபிள்யூஎல்டிபி 30 நிமிடம், 23 கிலோமீட்டர், 131 வரை வேகம் போகும். அதே காரை இந்த இரண்டிலும் ஓட்டினால் புதிய சோதனையில் மைலேஜ் குறைவாகத்தான் வரும். அதிலும் ஏசி போடுவதில்லை. ஏசி இல்லாமல் எந்த வெயிலில் நான் வண்டி ஓட்டப்போகிறேன்? அமெரிக்காவில் ஏசி போட்டே ஒரு சோதனை உண்டு, அதனால் அவர்கள் ஒட்டும் எண் கொஞ்சம் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

இதற்கு மேல் ஏமாற்றும் உண்டு. 2016-ல் மிட்சுபிஷி தன் குட்டிக் கார்களின் மைலேஜ் சோதனைத் தரவில் கைவைத்ததை ஒப்புக்கொண்டது. ஜப்பானில், அதுவும் மைலேஜுக்காகவே வாங்குகிற கார்களில்.

விளம்பரத்து மைலேஜ் ஏட்டுச் சுரைக்காய்தான். ஆனாலும் அது வீண் என்று சொல்லமாட்டேன். ஒரே சோதனையில் ஓடிய இரண்டு கார்களை ஒப்பிட அது உதவும். வீட்டுப் பட்ஜெட் போட உதவாது. நான் எப்போதும் அதில் கால்வாசியைக் கழித்துவிடுவேன். என் பழைய காருக்கு அது சரியாக வந்தது. வரப்போகிறதற்கு 25 என்று சொன்னால் என் கணக்கில் 19.

அந்த 19-ஐ வைத்துக்கொண்டு கிலோமீட்டரில் யோசிக்காதீர்கள், லிட்டரில் யோசியுங்கள். நான் மாதம் சுமார் 1000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். 14 கொடுக்கும் வண்டிக்கு 71 லிட்டர். 19 கொடுக்கும் வண்டிக்கு 53 லிட்டருக்கும் குறைவு. மாதம் ஏறக்குறைய 19 லிட்டர் மிச்சம். இது நல்ல லாபம்தான். ஆனால் 24 கொடுக்கும் காருக்கும் 25 கொடுக்கும் காருக்கும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? மாதத்துக்கு 1.7 லிட்டர். இதற்காகத்தான் நண்பர்கள் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். டயரில் காற்று குறைவாக இருந்தாலே இதில் ஒரு பங்கு போய்விடும்.

எண் பெரிதாகப் பெரிதாக மிச்சம் சிறிதாகும். 10 கொடுத்த வண்டி 12 கொடுத்தால் எனக்கு மாதம் 17 லிட்டர் மிச்சம். 25 கொடுப்பது 30 கொடுத்தால் 7 லிட்டர்கூடத் தேறாது. டியூக் பல்கலைக்கழகத்தின் லாரிக், சோல் என்ற இரண்டு பேர் 2008-ல் சயன்ஸ் இதழில் இந்த மயக்கத்தைப் பற்றியே எழுதினார்கள். ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று போடுகிறார்கள். அப்படிப் போட்டால் மயக்கம் தானாகத் தெளிந்துவிடும்.

ஆகவே எனக்கு அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டர் வேண்டாம். அதைக் கூட்டிக் காட்டுவதற்காக ஸ்டெப்னியை எடுத்துவிட்டுப் பஞ்சர் கிட் வைப்பது, டயரை ஒல்லியாக்குவது, மோதலைத் தாங்கக் கதவுத் தகட்டுக்குள் இருக்க வேண்டிய இரும்பை இல்லாமல் செய்வது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். மாதம் இரண்டு லிட்டர் நானே போட்டுக்கொள்கிறேன்.

எனக்கு உண்மையில் கவலை கியர்பாக்ஸைப் பற்றித்தான். இடது முழங்கால் இப்போதெல்லாம் நெரிசலில் கிளட்ச் மிதித்து வீட்டுக்கு வந்தால் படி ஏற மறுக்கிறது. ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் வண்டியே பார்த்துக்கொள்ளும். பெட்ரோல் செலவு ஏறாது, ஆனால் கியர் மாறும்போதெல்லாம் தலை ஒரு தடவை ஆமாம் சாமி போடும். சிவிடியில் அந்த ஆட்டம் கிடையாது. வழவழவென்று போகும். அழுத்தி மிதித்தால் மட்டும் இன்ஜின் கத்தும், வண்டி யோசித்துவிட்டுக் கிளம்பும். இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். வயது கூடக் கூட எனக்கு அந்தக் கத்தல் பரவாயில்லை, தலையாட்டல்தான் தாங்கவில்லை. வெளிநாட்டில் இந்தக் காருக்கு சிவிடி கொடுத்திருக்கிறார்கள். இங்கே கொடுப்பார்களா என்பதில்தான் என் முழங்காலின் எதிர்காலம் இருக்கிறது.

மூன்று சிலிண்டர் என்றால் முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். உரசும் பாகங்கள் குறைவு, அதனால் வீணாகும் சக்தியும் குறைவு, சிக்கனம் அங்கிருந்து வருகிறது. பதிலுக்கு நிற்கும்போது ஒரு சின்ன நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரியும். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளை ஒழுங்காகச் செய்திருந்தால் அதுவும் பாதி அடங்கிவிடும்.

நேற்று வீட்டுக்காரர் மறுபடியும் கேட்டார். "இன்னும் வராத காருக்கு இவ்வளவு கணக்கா? அதுக்குள்ள இந்த வண்டி நடுரோட்ல நின்னுட்டா?" நியாயமான கேள்வி. பேட்டரி புதிது, கிளட்ச் தட்டு போன வருடம் மாற்றியது, பிரேக் நன்றாக இருக்கிறது. ஓடும் என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் எஸ்யூவி பேச்சை விட்டுவிட்டார்.

வந்த முதல் வாரம் புக் செய்யமாட்டேன். முதலில் டெஸ்ட் டிரைவ். ஏசியை முழுசாகப் போட்டு, வீட்டில் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பிப் பார்க்க வேண்டும். பின்சீட்டில் வீட்டுக்காரர், கால் இடிக்கிறதா என்று அவர் சொல்லட்டும். அப்புறம் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பேன். பின்கண்ணாடியில் வைப்பர் இருக்கிறதா என்பதை மட்டும் ஷோரூம் வாசலிலிருந்தே பார்த்துவிடுவேன்.

பாக்கெட் நோட்டில் இன்னும் இரண்டு பக்கம் காலி. பக்கத்துக்கு 10 வரி, மாதம் இரண்டு தடவை டேங்க் நிரப்புகிறேன். இன்று காலைதான் எண்ணிப் பார்த்தேன், 10 மாதம் தாங்கும்.