உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, சரி. என் எண்ணை ஏன் கொடுத்தீர்கள்?

தனியுரிமை என்று பேச்செடுத்தாலே, "என்கிட்ட மறைக்க என்ன இருக்கு, எடுத்துட்டுப் போகட்டுமே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். இருக்கட்டும். ஆனால் ஒரு செயலி தொடர்புகளைப் பார்க்க அனுமதி கேட்கும்போது நீங்கள் சரி என்று தட்டினால், போவது உங்கள் விவரம் மட்டுமில்லை. உங்கள் கைபேசியில் இருக்கும் அத்தனை பேரின் பெயரும் எண்ணும் போகிறது. அந்தச் செயலியைத் தொட்டே பார்க்காதவர்களுடையதும்தான். அவர்களை யாரும் கேட்கவில்லை. பத்துப் பேரின் கைபேசியில் ஒரே எண் இருந்தால், அந்த எண்ணுக்குரியவர் யாரோடெல்லாம் பழகுகிறார் என்பது அவர் கணக்கே தொடங்காமல் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும்.

அரசியல் பிரசாரங்களுக்கு ஆலோசனை சொல்லிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்தின் கைக்கு ஃபேஸ்புக் பயனர்களின் தகவல் போன விவகாரம் 2018இல் வெளியே வந்ததே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுமையைக் கணிப்பதாகச் சொன்ன ஒரு வினாடி வினாச் செயலியை நிறுவியவர்கள் சுமார் 2,70,000 பேர். தகவல் போயிருக்கக்கூடியவர்கள் 8.7 கோடி பேர் வரை என்று ஃபேஸ்புக்கே சொன்னது. மீதிப் பேர் ஒன்றுமே செய்யவில்லை. நிறுவியவர்களுக்கு நண்பர்களாக இருந்தார்கள், அவ்வளவுதான். இதில் யாரும் பூட்டை உடைத்து நுழையவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. நண்பர்களின் தகவலைச் செயலிகள் எடுக்க அன்று ஃபேஸ்புக்கே வழி வைத்திருந்தது.

கணக்கின் பாதுகாப்புக்கு என்று வாங்கிய கைபேசி எண்ணை விளம்பரத்துக்கும் பயன்படுத்தியதாக 2019இல் ஃபேஸ்புக் மீது அமெரிக்க அரசு குற்றம்சாட்டியது. 2022இல் ட்விட்டர் இதே காரியத்துக்கு 15 கோடி டாலர் கட்டியது.

"அதான் அபராதம் போடுறாங்களே" என்பீர்கள். 2019இல் ஃபேஸ்புக்குக்கு விழுந்தது 500 கோடி டாலர். கேட்கவே தலை சுற்றும். அந்த ஆண்டு அதன் வருவாய் 7,000 கோடி டாலருக்கு மேல். ஒரு மாத வசூலில் அடைத்துவிடலாம். தொழில் செலவு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். சட்டம் வேண்டும்தான், ஆனால் சேகரித்தபின் தண்டிக்கும் சட்டத்தைவிட, தேவைக்கு மேல் சேகரிக்கவே விடாத சட்டம்தான் உதவும் என்பது என் கட்சி. (இதை ஃபேஸ்புக்கிலேயே எழுதுகிறாயே என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நீங்களெல்லாம் இங்கேதானே இருக்கிறீர்கள்!)

அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள். கைபேசி அமைப்புகளில் போய், எந்தெந்தச் செயலிகளுக்குத் தொடர்புகள் அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். படம் திருத்தும் செயலிக்கும் விளையாட்டுக்கும் அது எதற்கு? எடுத்துவிடுங்கள். அப்புறம், ஏற்கெனவே பதிவேற்றியதை நீக்கும் வசதி ஃபேஸ்புக்கில் இருக்கிறது, கொஞ்சம் தேட வேண்டும். அதில் என் எண்ணும் இருக்கும்.