ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ரூ.1,000 கிடையாதா?

“புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணம் காலேஜில் டிகிரி படித்தால்தான். ஐடிஐ, பாலிடெக்னிக் சேர்ந்தால் ஒரு ரூபாயும் வராது” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

மேற்படிப்பு படிப்பவர்களுக்குத் தமிழக அரசு மாதந்தோறும் பணம் தரும் இந்த இரண்டு திட்டங்களிலும் பட்டப்படிப்போடு டிப்ளமோவும் ஐடிஐ படிப்பும் சேர்ந்தே இருக்கின்றன. 2022 செப்டம்பரில் மாணவிகளுக்காகப் புதுமைப் பெண் தொடங்கியபோதே இதுதான் விதி. 2024 ஆகஸ்டில் ஆண் மாணவர்களுக்காக வந்த தமிழ்ப் புதல்வனிலும் அப்படியே. பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, பத்தாவது முடித்து நேராக ஐடிஐ சேர்ந்தவர்களுக்கும் மாதம் ரூ.1,000 உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. ஆனால் தொலைதூரக் கல்விக்குக் கிடையாது, அது உண்மைதான்.

சந்தேகம் இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தின் அரசு இணையதளத்தில் தகுதி விதிகளைப் படியுங்கள். சேரும் நிறுவனத்திலும் கேளுங்கள், விண்ணப்பமே அங்கிருந்துதான் போகிறது.

ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படிக்க ஆசைப்படும் ஒரு பிள்ளை இந்தச் செய்தியை நம்பிப் பின்வாங்கிவிடக் கூடாது. தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.