என் மலையை எனக்கே விற்கிறார்கள், மாதம் 1,199 ரூபாய்க்கு

"அக்கா, பார்சல் வந்திருக்கு. தோட்டத்துப் பக்கமெல்லாம் வண்டி வராது. ஜான்ஸ்டன்ல நிக்கிறேன், வந்து வாங்கிக்கங்க."

கூரியர் தம்பி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எங்கள் ரோட்டில் அந்த டூவீலரை ஏற்றச் சொல்வது பாவம். கோபம் வேறிடத்தில். மினி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்து, கோத்தகிரி டவுனில் அந்த ஜான்ஸ்டன் சதுக்கத்துக்கு இறங்கி, தூறலில் நனைந்து கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கிய பிறகு பில்லைப் பார்க்கிறேன்: "மலைப்பகுதி டெலிவரிக் கட்டணம் 120 ரூபாய்." யார் மலைக்கு வந்தார்கள்? நான்தானே மலையிலிருந்து இறங்கிப் போனேன்! அந்த 120-ஐ எனக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

மாதம் ஒரு தலைப்பு, மாதம் ஒரு பெட்டி. திறந்தால் மனசு லேசாகும், வீடு மணக்கும், வாழ்க்கை அழகாகும் என்று ஒரு கம்பெனி விளம்பரம் செய்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை, அவர்களுக்கு எதற்கு இலவச விளம்பரம்? ஆடி மாசத்து ராத்திரி, கரன்ட் இல்லை, ஜன்னலுக்கு வெளியே மஞ்சு மூட்டம். போனில் பத்து சதவீதம் சார்ஜ் இருக்கிறது. அந்த நேரத்தில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டால் யாருக்கும் புத்தி பிசகும். எனக்குப் பிசகியது. யுபிஐ ஆட்டோபேயில் ஒரே ஒரு தடவை பின் நம்பர் போட்டேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

முதல் மாதம் "கடல்". ஒரு சங்கு, ஒரு உப்புப் பொட்டலம், மூன்று நாளில் கறுத்துப்போன ஒரு கொலுசு. இரண்டாவது மாதம் "பாட்டி வீட்டுச் சமையலறை". அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பாட்டி வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஐம்பது கிராம் சீரகம் அனுப்பினார்கள். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்ததாவது நன்றாக இருக்கும் என்று இருந்துவிட்டேன். இந்த வியாபாரமே அந்த "அடுத்தது" மேல்தான் ஓடுகிறது.

மூன்றாவது பெட்டியின் மேல் மூடுபனி, பொம்மை ரயில், இரண்டு தேயிலைச் செடி. தலைப்பு: "நீலகிரியை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்."

என் வீடு நீலகிரியில்தான் இருக்கிறது ஐயா! முகவரியில் பின்கோடு போட்டிருக்கிறேன், 643-இல் ஆரம்பிக்கிறது. அதைப் பார்த்துத்தானே 120 ரூபாய் பிடுங்கினீர்கள்?

சரி, திறந்தேன். முதலில் முழ நீளத்துக்குக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் உறை. அதற்குள் கிழித்த கலர் காகிதம் ஒரு கூடை. அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு முழுவதும் தடை வந்தது 2019 ஜனவரி 1-இல். எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பல வருடம் முன்பே கெடுபிடி தொடங்கிவிட்டது. குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் காரை நிறுத்திக் குழந்தை கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலைக்கூட வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து சுற்றுலா வருகிறவர்களுக்கு இ-பாஸ் வேறு. இந்தப் பெட்டிக்குப் பாஸும் கிடையாது, சோதனையும் கிடையாது. ஜம்மென்று வந்து இறங்கிவிட்டது. அதன் மேல் ஒரு சிட்டை: "இயற்கையோடு இணைவோம்."

உள்ளே இன்னொரு அட்டை இருந்தது. என்னைக் கொதிக்க வைத்தது அதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் "மதிப்பு" போட்டிருக்கிறார்கள். தேயிலை 349. மெழுகுவத்தி 799. தைலம் 299. சோப்பு 275. வர்க்கி 149. மரக்கரண்டி 180. தோடர் வேலைப்பாட்டுப் பை 499. சமையல் குறிப்பு மின்னூல் 300. மொத்த மதிப்பு 2,850, நீங்கள் கொடுத்தது 1,199, உங்களுக்கு லாபம் 1,651. நானே போய் அவர்கள் வீட்டில் திருடிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி ஒரு கணக்கு!

இந்த விலையெல்லாம் யார் வைத்தது? அவர்களேதான். அந்த மெழுகுவத்தியை வேறு எந்தக் கடையிலும் யாரும் 799-க்கு விற்கவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன். பெட்டிக்குள்ளே மட்டும் பிறந்த விலை அது. சட்டமுறை எடையளவு விதிகள் 2011-இலேயே வந்துவிட்டன. பொட்டலத்தில் தயாரித்தவர் பெயர், நிகர எடை, மாதம் வருடம், எம்ஆர்பி எல்லாம் அச்சாகி இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக் கடலைமிட்டாய்ப் பாக்கெட்டில்கூட இருக்கிறது. இந்த 799 ரூபாய் மகாராணி மேல் "அன்புடன் கையால் செய்யப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. யார் கை?

அதற்கு "ஷோலாவில் மழை" என்று பெயர். ஏற்றிப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு கழிப்பறையை அப்போதுதான் கழுவிவிட்ட வாசனை. ஷோலா என்றால் எங்கள் மலைச் சோலைக்காடு. லாங்வுட் ஷோலா எங்கள் ஊரிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். மழை பெய்தால் அங்கே பாசியும் மக்கின இலையும் ஈர மண்ணும் மணக்கும். எலுமிச்சை ஃபினாயில் மணக்காது.

தைலத்துக்கு வருகிறேன். எட்டு மில்லி, உருட்டித் தேய்க்கிற குப்பி, 299 ரூபாய். கூடவே ஒரு குறிப்பு: "பல்லாயிரம் ஆண்டுகளாக நீலகிரிப் பழங்குடிகள் போற்றிவரும் அரிய மூலிகை." அடப்பாவிகளா, யூகலிப்டஸ் என்கிற தைல மரம் இந்த மலைக்குச் சொந்தமே கிடையாது! வெள்ளைக்காரன் 1843 வாக்கில் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. பழைய புல்வெளி போனதில் அந்த மரத்துக்கும் வாட்டில் என்கிற சீகை மரத்துக்கும் பங்குண்டு. "ஷோலாவில் மழை" பக்கத்திலேயே அதையும் வைத்து விற்கிறான். எங்கள் கடைத்தெருவில் நூறு மில்லி தைலம் நூற்றைம்பது ரூபாய். மூடியைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் வரும். இதை முகர்ந்தால் ஒன்றும் வரவில்லை. விலையைப் பார்த்தபோதுதான் வந்தது.

வர்க்கி கதை தனி. ஊட்டியில் போட்ட வர்க்கி பெங்களூரு குடோனுக்கு இறங்கிப் போய், அங்கே எத்தனை நாள் கிடந்ததோ, மறுபடி மலையேறி எனக்கு வந்திருக்கிறது. பாதி தூள், மீதி நமுத்துப்போயிருந்தது. நமுத்த வர்க்கியைத் தின்பதைவிட ஈரத்துணியை மெல்லலாம்.

பைதான் நெஞ்சைச் சுட்டது. எங்கள் மலைப் பழங்குடியான தோடரின் பூவேலை சாதாரணக் காரியமில்லை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, கோடு போட்டுக்கொள்ளாமல், துணியின் இழையை எண்ணி எண்ணியே அந்தப் பெண்கள் போடுவது. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஒரு சால்வை முடிய எத்தனை வாரம் பிடிக்கும் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். இந்தப் பையை உள்பக்கம் திருப்பினேன். சுத்த வெள்ளை. ஒரு நூல் முடிச்சு இல்லை, ஒரு இழை இல்லை. விரலால் தடவினால் வழவழவென்று இருக்கிறது. மெஷினில் பிரின்ட் அடித்திருக்கிறான்! "தோடர் வேலைப்பாடு" என்று கூசாமல் போட்டு 499. அந்த 499-இல் தோடர் குடியிருப்பான முத்தநாடு மந்தில் யாருக்காவது ஒரு ரூபாய் போயிருக்குமா?

தேயிலையை மட்டும் நான் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு வேறு நீதிபதி இருக்கிறார். அப்பாயி. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறி, இங்கே அரசாங்கத்து டான்டீ தேயிலைத் தோட்டத்தில் ரிட்டையர் ஆகும்வரை கொழுந்து பறித்தவர். டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொட்டி, கட்டை விரலால் நிமிண்டி, மூக்கின் கீழ் வைத்துப் பார்த்தார். சின்னச் சின்னப் பழுப்புக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேஜை ஓரத்தில் அடுக்கினார். பதினேழு.

"இதுல கொழுந்து எங்கடி இருக்கு? எல்லாம் முத்தலும் குச்சியும். எங்க தொரை இதப் பாத்திருந்தா அன்னிக்குக் கூலிக்குப் பேரே போட்டிருக்க மாட்டான்."

"அப்பாயி, டப்பாவுல முதல் தரம்னு போட்டிருக்கு."

"டப்பாவையா ஊத்திக் குடிக்கப் போற?"

பாலில்லாமல் வெறும் சாயத் தேநீராகப் போட்டும் பார்த்தோம். நிறம் வந்தது, வாசம் வரவில்லை.

இப்போது கணக்குப் பார்ப்போம். நான் கணக்கு எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன், விடமாட்டேன். ஐம்பது கிராம் 349 ரூபாய் என்றால் கிலோ 6,980. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சைத் தேயிலை வேண்டும். அப்படியானால் ஐம்பது கிராமுக்கு 225 கிராம் பச்சை இலை. பக்கத்து வீட்டு அண்ணன் ஒன்றரை ஏக்கர் சிறு விவசாயி. போன மாதம் ஃபேக்டரியில் அவருக்குக் கிடைத்தது கிலோவுக்கு 19 ரூபாய். இந்த டப்பாவுக்குள் இருக்கிற இலைக்கு அவர் கைக்கு வந்திருக்கக்கூடியது நாலேகால் ரூபாய். அதில் ஆள் கூலி, உரம், இலை ஏற்றும் வண்டி வாடகை எல்லாம் போக வேண்டும். விலை கேட்டு இங்கே ஜனங்கள் பந்தல் போட்டு உட்கார்ந்த படமெல்லாம் பேப்பரில் வந்ததே, இவர்கள் கண்ணில் படவே இல்லையா? நாலேகால் எங்கே, 349 எங்கே? நடுவில் இருக்கிற 344 ரூபாய் சொச்சத்தை எந்த மூடுபனி விழுங்கியது?

அந்தப் பெட்டியில் இருந்ததையெல்லாம் இந்த ஊரிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று தாராளமாகவே போட்டுப் பார்த்தேன். மெழுகுவத்திக்குப் போனால் போகிறதென்று 200 கொடுத்தேன். அந்தப் பிரின்ட் பைக்கு 60. மின்னூலுக்குப் பூஜ்யம், அதில் இருக்கும் அவரைக் குழம்பில் அவரையே இல்லை. மொத்தம் 452 ரூபாய். நான் கொடுத்தது 1,319. லாபம் 1,651-ஆம்!

நிறுத்திவிடலாம் என்று உள்ளே போனால் நிறுத்துகிற பட்டனைக் காணோம். அமைப்புகள், என் கணக்கு, என் பயணம், என் மகிழ்ச்சி என்று நாலு கதவு தாண்டி, சாம்பல் எழுத்தில் ஒளிந்திருந்தது. அழுத்தினால் ஒரு பூனைக்குட்டி அழுகிறது. கீழே இரண்டு பட்டன். பெரியது: "என் மகிழ்ச்சியைத் தொடர்கிறேன்." பொடியாக இருப்பது: "எனக்கு மகிழ்ச்சி தேவையில்லை." முப்பத்தெட்டு வயதில் எனக்கு மகிழ்ச்சி தேவையில்லை என்று ஒரு பூனையிடம் எழுதிக்கொடுக்க வேண்டிய நிலைமை.

இதற்கெல்லாம் பெயரே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் பதின்மூன்று தில்லுமுல்லுகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. சந்தாவில் சேர்ப்பது சுலபம், விலகுவது கஷ்டம் என்று வைப்பது அதில் ஒன்று. வேண்டாம் என்பவரை வெட்கப்பட வைப்பது ஒன்று. கடைசி நேரத்தில் புதுக் கட்டணத்தைக் காட்டுவது ஒன்று. மூன்றையும் என் ஒரே ஆர்டரில் செய்து முடித்துவிட்டார்கள், கெட்டிக்காரர்கள்.

பூனையை விட்டுவிட்டு, யுபிஐ ஆப்புக்குள்ளேயே போய் ஆட்டோபே பகுதியில் அந்த அனுமதியை ரத்து செய்தேன். அரை நிமிட வேலை. அவர்களிடம் கெஞ்சவே வேண்டியதில்லை. மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்கள் முதலில் அங்கே போங்கள். அப்புறம் 1915-க்கு போன் போட்டுப் புகார் எண்ணும் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று சறுக்கிவிட்டது. மூன்றாவது பெட்டி என் கைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பே நாலாவது பெட்டிக்குப் பணம் எடுத்துவிட்டார்கள். பணம் எடுக்கப்போகிறோம் என்ற அறிவிப்பும் முந்தின நாளே வந்திருக்கிறது, நூறு குப்பை மெசேஜுக்கு நடுவில் நான்தான் பார்க்கவில்லை. திருப்பிக் கேட்டால், "உங்கள் பெட்டி அன்புடன் தயாராகிவிட்டது" என்று பதில். என்ன தலைப்பு என்று பார்த்தேன். "எளிமை."

இன்று காலை அந்தத் தம்பி மறுபடி போன் செய்தான். திருப்பி அனுப்பிவிடச் சொன்னேன். முன்பணம் கட்டினதற்கு அந்த ஆப்ஷனே காட்டவில்லையாம்.

"மினி பஸ்ல வராதீங்கக்கா, ஆட்டோ வெச்சுட்டு வாங்க. இந்தத் தடவ பெட்டி பெருசு."