கஸ்டம் ஐ.இ.எம். என்றாலே பாஸ் கூடுமா?

ஐ.இ.எம். என்பது காதுக்குழாய்க்குள் செருகும் இயர்போன். அவரவர் காதை அச்செடுத்து அதன் வடிவில் செய்வது கஸ்டம்; எல்லோருக்கும் பொதுவான வடிவில், காதுக்குள் போகும் மென்மையான முனையோடு (டிப்) வருவது யுனிவர்சல். ஒரே மாடலின் யுனிவர்சலைவிட கஸ்டமில் எப்போதும் பாஸ் (தாழ்ந்த ஒலிகள்) அதிகம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே எடுத்துச் சொல்வதால் இந்தத் திருத்தம்.

பாஸ் எவ்வளவு கேட்கும் என்பதில் பெரும்பங்கு காது எவ்வளவு நன்றாக அடைபடுகிறது என்பதற்குத்தான். டிப்புக்கும் காதுக்கும் நடுவே சின்ன இடைவெளி இருந்தாலும் முதலில் குறைவது தாழ்ந்த ஒலிகள். சரியாக அடைபட்ட யுனிவர்சலில் அந்தக் குறை இருக்காது. அச்சு ஒழுங்காக அமையாத கஸ்டமிலும் பாஸ் கசியும். வாயைத் திறக்கும்போது காதுக்குழாயின் வடிவம் மாறுவதால், சிலருக்கு அந்த நேரத்தில் மட்டும் கசிவதும் உண்டு. தயாரிப்பாளரே இரண்டுக்கும் டியூனிங்கை (எந்த ஒலி எவ்வளவு கேட்க வேண்டும் என்ற அமைப்பை) மாற்றியிருந்தால், அது வேறு விஷயம்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஏதாவது ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியில் 50 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, யுனிவர்சலை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். சட்டென்று பாஸ் கூடினால், அதுவரை கசிந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். டிப்பை ஒரு அளவு பெரிதாக்குங்கள், அல்லது ஃபோம் டிப் போட்டு மறுபடி பாருங்கள். அழுத்தினாலும் பெரிதாக மாறாத நிலை வந்த பிறகு கஸ்டமோடு ஒப்பிடுங்கள். அப்புறம் முக்கியமாக, 500 ஹெர்ட்ஸ் ஒலியில் இரண்டின் சத்தத்தையும் முதலில் சமமாக்கிவிடுங்கள். சற்றே உரக்க ஒலிப்பதில் பாஸும் கூடுதலாகத்தான் தோன்றும்.