டெக் மாலுமிக்குப் பெயின்ட் அடிப்பது மட்டும்தான் வேலையா?

தம்பி, ‘விழிஞ்ஞத்துக்கு வரும் கப்பல்களைக் கம்ப்யூட்டரே ஓட்டுகிறது, டெக் மாலுமிக்குத் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதுதான் வேலை, 3 லட்சம் கொடுத்தால் ஏஜென்ட் ஏற்றிவிடுவார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். களியக்காவிளை, பாறசாலைப் பிள்ளைகள் இதை நம்பிவிடுவார்கள்.

துரு சுரண்டுவது உண்மை; உப்புக் காற்றில் அது ஓயாத வேலை. ஆனால் தானியங்கிச் சுக்கான் பெரும்பாலும் திறந்த கடலுக்குத்தான். துறைமுகத்தை நெருங்கி, உள்ளே வழிகாட்டும் துறைமுகப் பைலட் கப்பலில் ஏறியதும் சுக்கானைக் கையில் பிடிப்பவர் டெக் மாலுமி. பைலட் சொன்ன சுக்கான் கோணத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டே அவர் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். இரவில் பிரிட்ஜில், அதாவது கப்பலை இயக்கும் மேல்தள அறையில், கண்காணிப்புக்கு நிற்பவரும் அவரே. கடலில் மோதலைத் தவிர்க்கும் 1972 சர்வதேச விதிகளில் 5ஆம் விதி, கண்ணாலும் காதாலும் எந்நேரமும் கவனிக்கச் சொல்கிறது. சிறிய மரப்படகு ரேடாரில் சரியாக விழாமல் போகலாம். சந்தேகமிருந்தால் ஆழ்கடலுக்குப் போகும் தூத்தூர் மீனவர்களிடம் கேளுங்கள். கப்பலைத் துறைமுகத்தில் கட்டி நிறுத்தும்போது விறைத்து நிற்கும் வடம் அறுந்தால் ஆளையே கொன்றுவிடும். எங்கே நிற்கக் கூடாது என்று தெரியாதவருக்கு அங்கே வேலை இல்லை.

அந்த 3 லட்சம்? மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகச் செலவு தவிர, வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வசூலிப்பதை 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தடுக்கிறது. அந்த வரியை நீக்கிவிடுங்கள்.