இரண்டு டாலர் வைன் விமானத்தில் மிஞ்சியது இல்லை

அமெரிக்காவில் மலிவு விலைக்குப் பேர்போன சார்ல்ஸ் ஷா வைன் பற்றி ஒரு கதை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானங்களில் கார்க் திருகி கொண்டுபோகத் தடை வந்ததாம், அதனால் விமான நிறுவனங்கள் தள்ளிவிட்ட நல்ல வைன்தான் டிரேடர் ஜோஸ் என்ற அமெரிக்க மளிகைக் கடையில் 1.99 டாலருக்கு வந்ததாம்.

இது பொய். 2002-ல் விற்பனைக்கு வந்த வைன் இருபது வருஷம் கழித்தும் புதுப்புது அறுவடை ஆண்டோடு அதே கடையில் கிடைத்தது. மிஞ்சிய சரக்கு என்றால் எப்போதோ தீர்ந்திருக்கும். அதோடு எகானமி வகுப்பில் பெரும்பாலும் தருவது 187 மில்லி குட்டி பாட்டில், திருகுமூடி போட்டது. கார்க்கே கிடையாது!

விலை குறைந்ததற்குக் காரணம் வேறு. அந்தச் சமயம் கலிஃபோர்னியாவில் திராட்சை தேவைக்கு மேல் விளைந்து விலை சரிந்திருந்தது. நொடித்துப்போன சார்ல்ஸ் ஷா என்ற வைன் ஆலையின் பெயரை 1990களிலேயே வாங்கி வைத்திருந்த பிராங்கோ என்ற வைன் நிறுவனத்துக்கு கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஏராளமான சொந்தத் தோட்டங்கள், சொந்த பாட்டிலிங் ஆலை, விற்க ஒரே கடை. லேபிளைப் பாருங்கள், 'கலிஃபோர்னியா' என்றுதான் இருக்கும், அதாவது அந்த மாநிலத்தில் எங்கே விளைந்த திராட்சையாகவும் இருக்கலாம்.

மலிவு என்பதால் மட்டம் என்றும் ஒதுக்க வேண்டாம், 2007 கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியில் இதன் 2005 சார்டனே என்ற வெள்ளை வைன் பெரிய பரிசே வாங்கியது. ஆனால் ஒரு தடவை வரும் சரக்குக்கும் அடுத்த தடவை வரும் சரக்குக்கும் ருசி மாறும், அதனால் முதலில் ஒரு பாட்டில் வாங்கிக் குடித்துப் பாருங்கள், பிடித்தால் உடனே போய் அதே சரக்கில் இன்னும் சிலது எடுத்து வையுங்கள்.