மன்றத்துக்குப் போனால் கெட்டுப்போவானா?

பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் ஒரு நோட்டீசோடு வந்தார். பிளஸ் டூ முடித்த மகனைக் கோடைப் பயிற்சி ஒன்றில் சேர்க்கப் போகிறாராம். 10 நாள், 8,500 ரூபாய். ஆளுமை வளர்ச்சி, தலைமைப் பண்பு, மேடைப் பேச்சு என்று வரிசையாகப் போட்டிருந்தது. "சேக்கலாமா தம்பி?" என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இதுக்கு எதுக்குக்கா காசு? நம்ம மன்றத்துல சேத்து விடுங்க" என்றேன்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "அங்க போனா கெட்டுப்போயிருவான்."

அவர் பயம் புரியாமல் இல்லை. இளைஞர் நற்பணி மன்றம் என்றால் ஊருக்குத் தெரிவது ஒரு கேரம் போர்டு, அதைச் சுற்றி நாலு பேர், ராத்திரி பத்து மணிக்கு மேலும் அலறும் ஸ்பீக்கர். பொய்யில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்த உருப்படியான காரியங்களில் பாதியை நான் கற்றது அந்தத் தகரக் கொட்டகையில்தான்.

1998 பொங்கல். எனக்கு 19 வயது. விளையாட்டு விழாவுக்கு என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. மூன்று ரசீது புத்தகத்தோடு வீடு வீடாக வசூலுக்குப் போனோம். ஐந்து ரூபாய் கொடுத்தவர்தான் பத்துக் கேள்வி கேட்பார் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. விழா முடிந்து கூட்டிப் பார்த்தால் 340 ரூபாய் உதைக்கிறது. இரண்டு ராத்திரி தூக்கமில்லை. மூன்றாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தேன். வழுக்கு மரத்துக்குப் பூசிய விளக்கெண்ணெயைக் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டேன்.

அப்போது செயலாளராக இருந்த அண்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தார். நோட்டைப் புரட்டியவர் எண்ணெய் வரியில் நின்றார். "இவ்வளவு எண்ணெய்க்கு நம்ம மரம் மட்டும் இல்லடா, ஊர்ல இருக்கிற தென்னை பூராவுக்கும் பூசிருக்கலாமே." அவ்வளவுதான், திட்டவில்லை. ரசீது அடிக்கட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். மைக் செட்டுக்குக் கொடுத்த முன்பணம் 300 ரூபாயை நான் எழுதவே இல்லை என்பது ராத்திரி பதினோரு மணிக்குத் தெரிந்தது. மீதி 40 ரூபாய் என்ன ஆனதென்று இன்று வரைக்கும் தெரியாது.

அந்த நாற்பதைப் பொதுக்கூட்டத்தில் நானே எழுந்து சொல்ல வேண்டும் என்றார். கோயில் வாசலில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், என் அப்பா உட்பட. கால் நடுங்கியது. "40 ரூபாய்க்குக் கணக்குத் தெரியல, என் கைக்காசைப் போட்டுடுறேன்" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "போடு. ஆனா அதையும் அப்படியே நோட்டுல எழுதிப் போடு" என்றார். எண்ணெய் வரியை அடித்துவிட்டுச் சரியான தொகையைப் பக்கத்தில் எழுதினேன். அடித்தது தெரியட்டும், அழிக்காதே என்பது அண்ணனின் உத்தரவு.

மேடைப் பேச்சுக்கு இதைவிடப் பயிற்சி வேண்டுமா?

உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைச் சொல்கிறது. முடிவெடுப்பது, சிக்கலைத் தீர்ப்பது, பிறர் நிலையில் நின்று பார்ப்பது, மன அழுத்தத்தைச் சமாளிப்பது இப்படி. நல்ல பட்டியல்தான். பயிற்சி வகுப்பிலும் இதையெல்லாம் சொல்லித் தருவார்கள். ஆனால் அங்கே நீங்கள் தப்பாக முடிவெடுத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, கைதட்டிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விடலாம். மன்றத்தில் அது அடுத்த தெரு ஆயா கொடுத்த ஐந்து ரூபாய். மறுநாள் காலையில் அதே ஆயா குழாயடியில் நிற்பார். மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-இல் வந்தது. படிப்புக்கும் வேலைக்கும் அது உதவட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஊருக்குப் பதில் சொல்லும் பழக்கத்தை எந்தத் திட்டத்தில் கொடுப்பது?

கஜா புயலைச் சொல்லாமல் விட முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை அது வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது எங்கள் பகுதியில் தென்னை மட்டும் சாயவில்லை, மின்கம்பமும் சாய்ந்தது. கேரம் ஆடிக்கொண்டிருந்த அதே பையன்கள்தான் விடிந்ததும் அரிவாளோடு ரோட்டில் கிடந்த மரங்களை வெட்டி ஒதுக்கினார்கள். கரண்ட் இல்லாமல் மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏறாது. வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்து, டீசல் காசைத் தெருவாரியாகப் பிரித்தோம். எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் என்பதில்தான் சண்டை. 20 வயதுப் பையன் ஒருவன் சிலேட்டில் முறை எழுதி மாட்டினான். தன் வீடு இருக்கும் தெருவைக் கடைசியில் எழுதியிருந்தான். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

சரி, மன்றத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பல ஊர்களில் தெருவுக்கு ஒரு மன்றம், தெரு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அந்த மாதிரி இடத்தில் பையனைச் சேர்த்தால் அக்கா பயப்படுவது சரிதான். சில மன்றங்கள் தேர்தல் நேரத்தில் மட்டும் உயிர் பெறும். எங்கே சேர்ப்பது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: போய்க் கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். நோட்டு இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். முறையாகப் பதிவு செய்ய 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஏழு பேர் சேர்ந்தாலே போதும். 1972-இல் தொடங்கிய மத்திய அரசின் இளைஞர் அமைப்பான நேரு யுவ கேந்திராவோடு இணைந்திருந்த மன்றங்களுக்குப் பந்தும் வலையும் பயிற்சி முகாமும் கிடைத்தன. அதெல்லாம் நோட்டை ஒழுங்காக வைத்திருந்தவர்களுக்குத்தான்.

எங்கள் மன்றத்தின் பெரிய குறை வேறு. இத்தனை வருடத்தில் ஒரு பெண் உறுப்பினர் இல்லை. கோலப் போட்டிக்குப் பெண்கள் வேண்டும், பரிசு கொடுக்க ஊராட்சித் தலைவர் அம்மா வேண்டும், ரசீது புத்தகத்தைத் தூக்க மட்டும் பையன்தான் வேண்டும். இதை நானும் இருபது வருடம் கவனிக்கவில்லை. என் மகள் கல்லூரியில் பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். போன பொங்கல் கணக்கைப் பார்த்து அரை மணியில் இரண்டு தப்பு கண்டுபிடித்தாள். "அப்போ என்னையே பொருளாளராப் போடுங்களேன்பா" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாளோ என்னவோ, எனக்கு விளையாட்டாகப் படவில்லை.

அக்கா மகன் நேற்று வீட்டுக்கு வந்தான். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லையாம். உறுப்பினர் விண்ணப்பம் எழுதுவதற்கு, அனுப்புநர் முதலில் வருமா பெறுநர் முதலில் வருமா என்று கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். பெண்களையும் உறுப்பினராகச் சேர்க்கக் கேட்டு நான் எழுதியிருந்த மனுவையும் அவனிடம் நீட்டினேன். வரும் ஞாயிறு பொதுக்கூட்டம். இதுவரை கையெழுத்து நாலு.

அவன் படித்துப் பார்த்துவிட்டு, "நான் இன்னும் மெம்பரே ஆகலையே மாமா, போடலாமா?" என்றான்.